ஐந்தாவது நாற்காலியின் துக்கம்

மேசையின் தலைப்பக்கம் ஹோல்கெர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே மனைவி இங்கபோர்க். சன்னலோரம் மகள் சிக்ரித். அவளுக்குப் பக்கத்தில், போன வருடம் இறந்துபோன தாத்தா. இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. அடுக்களைக் கதவை ஒட்டி, ஐந்தாவது நாற்காலியில், கடையத்து முப்பிடாதி.

ஐரோப்பாவின் வடகோடியில் எடுத்த குடும்பத் திரைப்படம் அது. அதில் எப்போதும் நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். வெளியே பனி. உள்ளே அவித்த உருளைக்கிழங்கு. வேற்று நாட்டார் ஒருவராவது படத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததால் முப்பிடாதியைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள். அவள் எழுந்தால் படம் சட்டவிரோதமாகிவிடும். நாலு வருடமாக அவள் எழவில்லை.

மற்றவர்கள் பேசினால் மேசை விளிம்பில் வெள்ளை எழுத்தில் அர்த்தம் ஓடும். அவள் பேசினால் ‘ஏதோ சொல்கிறாள்’ என்று மட்டும் ஓடும்.

அன்றும் தராசோடு கோமதிநாயகம் வந்தார். பன்முகத்தன்மை அலுவலர். அம்பாசமுத்திரத்துக்காரர். அவரும் அதே சட்டத்தில் வந்தவர்தான். அவளை நாற்காலியோடு நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, எங்கய்யா செத்துப் பதினஞ்சு நாளாச்சு. நாளைக்குக் காரியம். நான் ஒத்தப் பிள்ள. என்னைய விடுங்க.”

படத்தில் நாளை வருவதில்லை. அதனால் ஊரில் பந்தலைப் போட்டுவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள்.

“துக்கம் இருக்கிறவுகதான் எந்திச்சுப் போலாம் தாயி.”

அந்நேரம் சிக்ரித் அழுதபடி எழுந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். தினமும் போவாள்.

“எனக்கும் இருக்கே துக்கம்.”

“கதையில உனக்குத் துக்கம் எழுதலையே. நீ நல்லவ, பொறுமசாலி. அம்புட்டுத்தான் எழுதியிருக்கு. அப்படி இல்லைன்னு காட்ட மனு குடு.”

“மூணு குடுத்தாச்சே!”

அவர் மூன்று மனுக்களையும் பையிலிருந்து எடுத்து விரித்தார். “மூணுலயும் மொத வரியப் பாரு. ‘இங்கு நான் நலம், அங்கு தங்கள் நலமறிய ஆவல்.’ நலமா இருக்கவள எப்படி விட?”

“நலம்னு போடாம லெட்டர் எப்படி அண்ணாச்சி ஆரம்பிக்க?”

“நல்ல வாத்தியார்ட்டப் படிச்சிருக்க, போ.”

வாத்தியார் சிதம்பரத்தாண்டி. ஆறாம் வகுப்பு. வலது மூலையில் ஊர், அதன் கீழே தேதி, அப்புறம் விளிப்பு, அப்புறம் நலம். வரிசை தப்பினால் முழங்கையில் பிரம்பு விழும். இருபது வருடமாகியும் முழங்கை மறக்கவில்லை.

முப்பிடாதி புதுத் தாள் எடுத்தாள். ஊர் எழுதினாள். தேதி எழுதினாள். ‘ஐயா’ என்று எழுதியதும் கை தானாக நலத்துக்குப் போயிற்று. சட்டென்று தாளை நகர்த்தினாள். அந்த வரி வெள்ளை மேசைவிரிப்பில் விழுந்தது.

கை அடங்கியது.

ஹோல்கெர் குனிந்து விரிப்பைப் பார்த்தார். அந்த வீட்டில் யாரும் யாரையும் நலம் விசாரித்ததில்லை. அவர் முணுமுணுத்தார்; மேசை விளிம்பில் ‘நலமில்லை’ என்று ஓடியது. இங்கபோர்க் உப்புக் குப்பியை அந்த வரியின்மேல் நகர்த்தி வைத்தாள். தாத்தா தன் தட்டை முப்பிடாதி பக்கம் தள்ளினார்.

அவள் மிச்சத்தை எழுதினாள். ‘என் அப்பா இறந்துவிட்டார். நான் நலமாக இல்லை. எனக்கு அழ வேண்டும்.’

“மூணே வரியா?” என்றார் கோமதிநாயகம்.

“அம்புட்டுத்தான்.”

உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்டாள். இந்தப் படத்தில் சோறு கிடையாது என்றார். தாத்தாவின் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை மசித்துத் தடவி ஒட்டினாள். கோமதிநாயகம் உறையைத் தராசில் வைத்தார். முள் அவள் எடையைத் தாண்டிப் போயிற்று. அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

வாசல் கதவின் தபால் துவாரம் வழியாக உறையை வெளியே தள்ளினார்.

அது விழும் சத்தம் முப்பிடாதிக்குக் கேட்டது. வெளியே தரை இருக்கிறது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.