சாலைக்காரி சொன்னது

கோவில்பட்டியிலிருந்து என் தாய்மாமா போன் செய்தபோது நான் வாசலில் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். போனை எடுத்த என் மனைவி முத்தாரம்மாள், "அவருக்கு இப்போ வேற ஒரு சம்சாரம் உண்டு. அது கழிஞ்சதும் விளிக்கச் சொல்லுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. மாமாவுக்கு அது தெரியாது. மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கரமனையில் எங்கள் வீட்டுமுன் மஞ்சள் பையோடு வந்து நின்று, உள்ளே எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

2005 கடைசியில் இதை என் வலைப்பதிவில் எழுதினேன். அதற்கு முன் எட்டு மாதம் நான் அதில் உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். விலைவாசி, கல்வி, கிழக்கேகோட்டை பஸ் நெரிசல், நடுநடுவே கவிதை வேறு. ஓரத்தில் வருகையாளர் எண்ணிக்கை காட்டும் ஒரு கட்டம் உண்டு. அது நாளுக்குப் பதினெட்டு என்று காட்டும். அதில் முக்கால்வாசி நானேதான். மாமா வந்த கதையைப் போட்ட அன்று எண்ணூறு பேர் வந்தார்கள். 'நயினார் சார், அக்காவை அடிக்கடி கூட்டிட்டு வாங்க' என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். விடுவேனா? முத்தாரம், சாலை பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தவரின் மகள். 'சாலைக்காரி சொன்னது' என்று பெயர் வைத்து வாரம் ஒன்று எழுத ஆரம்பித்தேன்.

எழுத வேண்டியதை அவளே தந்தாள். மீன்காரியிடம் பேசியது, பஸ்ஸில் கேட்டது, கோவிலில் பார்த்தது எல்லாவற்றையும் நான் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கொட்டித் தீர்த்துவிடுவாள். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகத் தாவித்தாவிப் போகும் பேச்சு. நான் தலையாட்டிக்கொண்டே மனதில் குறித்துக்கொள்வேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். அதனால் எழுதியதை நானே வாசித்துக் காட்டுவேன். அவளைக் கோமாளி ஆக்கிய வரிகள் வந்தால் கண் அவற்றைப் பார்க்கும், வாய் தாண்டிப் போய்விடும். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, நல்லா எழுதீட்டுண்டு என்பாள். சாலை பஜாரில் அண்ணன் கடைக்குப் போனால், எங்க ஆளு எழுதுறத அமெரிக்காவுல இருந்தெல்லாம் வாசிக்காங்க என்று பெருமை பேசுவாளாம்.

அடுத்த வருஷம் ஒரு வாரம் எழுத ஒன்றுமே சிக்கவில்லை. அப்போது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஊரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போன இடத்தில் மாமனார் மயங்கி விழுந்ததால் அங்கே சேர்த்திருந்தோம். மத்தியானம் அவர் தாகத்துக்குக் கேட்டார். முத்தாரம் டம்ளரோடு வராந்தாவில் ஓடினாள். "வெள்ளம், வெள்ளம், இச்சிரி வெள்ளம்." அவள் மலையாளத்தில் கேட்டது குடிக்கக் கொஞ்சம் தண்ணீர். ஒரு கிழவர் தன் மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார். இரண்டு பேர் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஆத்துல தண்ணி ஏறிட்டாம் என்று அடுத்த வார்டில் யாரோ சத்தம் போட்டார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமனார் இறந்துபோனார்.

பதிவில் மாமனாருக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். சாவு வந்தால் சிரிப்பு கெட்டுவிடும் என்று யோசித்துத்தான் அப்படி மாற்றினேன். அதை எழுதும்போது கை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்பதுதான் இப்போதும் என்னைக் குடைகிறது. பதினோராயிரம் பேர் வாசித்தார்கள். எதற்கெடுத்தாலும் 'வெள்ளம் வருது' என்று பின்னூட்டம் போடுவது வாசகர்களிடையே வழக்கமாகிவிட்டது. அந்தப் பதிவை மட்டும் நான் முத்தாரத்துக்கு வாசித்துக் காட்டவில்லை. இந்த வாரம் ஒன்றும் போடவில்லை என்று சொல்லிவிட்டேன்.

2007இல் நாகர்கோவிலில் பதிவர் சந்திப்பு நடந்தது. சாலைக்காரி அக்காவோடுதான் வர வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். என் புத்தி எங்கே போயிற்றோ, கூட்டிக்கொண்டு போனேன். பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் நுழைந்ததுமே கைதட்டல். இசக்கி என்று ஒரு இன்ஜினீயர், நல்ல பிள்ளை, தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து அவளிடம் நீட்டி, "அக்கா, வெள்ளம் வந்துட்டு" என்றான். மண்டபமே சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அது என்ன என்று கேட்டாள். அவன் அக்காவை மகிழ்விக்கிற ஆசையில் கிழவர், மூட்டை, ஜன்னல் என்று ஒன்று விடாமல் சொன்னான், அவள் ஓடியதை நடித்தும் காட்டினான். நான் நாலடி தள்ளி கையில் வடையோடு நின்றேன். அவள் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாறசாலை தாண்டியதும் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா அன்னைக்கு மரிச்சதையும் எழுதினீங்களா?"

"இல்ல."

"அது எதுக்கு எழுதல்ல?"

கண்டக்டர் வந்து டிக்கெட்டைக் கேட்டுவிட்டுப் போனார். மடியிலிருந்த பாட்டிலை அவள் என்னிடம் தந்தாள்.

"நான் கொண்டுவந்த வெள்ளம்தான் அப்பா கடைசியா குடிச்சது. ரெண்டு வாய்."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவை அழித்தேன். எழுதியதை அழிக்கலாம், சிரித்ததை அழிக்க முடியவில்லை. அது மின்னஞ்சலில் கைமாறிக் கைமாறி ஆறு மாதம் கழித்து என் ஆபீசுக்கே வந்தது. என் பெயர் உதிர்ந்துபோயிருந்தது. மேலே 'செம காமெடி, கண்டிப்பா படிங்க' என்று யாரோ சேர்த்திருந்தார்கள்.

முத்தாரம் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு வைக்கிறாள், சட்டை தேய்க்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் கொஞ்சம் நிற்கிறாள். விளிச்சாங்க என்று வருவதை நிறுத்தி, கூப்பிட்டார்கள் என்கிறாள். டிவியில் செய்தி வாசிக்கிறவர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்க வேண்டும். பஸ்ஸில் என்ன நடந்தது, மீன்காரி என்ன சொன்னாள் என்றெல்லாம் இப்போது எனக்குத் தெரியாது. சாலைக்காரி எங்கே என்று வாசகர்கள் கொஞ்ச நாள் கேட்டார்கள். நான் பழையபடி பஸ் நெரிசலைப் பற்றி எழுதினேன். எண்ணிக்கை பதினெட்டுக்கு வந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சட்டையைக் கழற்றும்போது வீடு இவ்வளவு அமைதியாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரெம்யா வந்திருந்தாள். அடுக்களையில் இருவரும் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். முத்தாரம் எதையோ சொல்லி, தானே அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிறது. எனக்கு என்ன தோன்றியதோ, குரல் கொடுத்தேன்.

"முத்தாரம், இச்சிரி வெள்ளம் தா."

சிரிப்பு நின்றது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் டம்ளரைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தண்ணீர்" என்றாள். கடைசி எழுத்துவரை முழுதாகச் சொன்னாள்.

அவள் உள்ளே போன பிறகும் டம்ளரில் தண்ணீர் விளிம்போடு ஆடிக்கொண்டிருந்தது. அது அடங்கட்டும் என்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.