எழுநூற்றுப் பதின்மூன்று

மீதி வரவில்லை. அக்னஸ் நம்பாமல் மறுபடி வகுத்தாள். எண்பத்தெட்டாயிரத்து இருநூற்று இருபத்தொன்பதை ஆயிரத்து அறுபத்துமூன்றால் வகுத்தால் சரியாக எண்பத்துமூன்று. மீதி சைபர்.

குடவாசல் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். பகா எண்களை இரண்டிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே போவாள். ஒவ்வொன்றைச் சேர்த்ததும் அதே எண்ணால் தொகையை வகுத்து மீதி பார்ப்பாள். தொடக்கத்து இரண்டைத் தள்ளிவிட்டால், ஐந்தில் மீதி இல்லை. இரண்டும் மூன்றும் ஐந்தும் பத்து. எழுபத்தொன்றிலும் இல்லை. அதற்கப்புறம் மீதிகள் எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் போக்குக் காட்டின. மூன்றாவது எங்கே என்று அவளை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத ஒன்று தனக்கு இருப்பதே அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டு வாசலில் சத்தம் ஏறியது. புது ஆட்சி வந்தபின் முதல் சம்பா அறுவடை. முற்றிய கதிர் சாய்ந்து கிடக்க, கூலி நெல்லைக் கூட்டாமல் அரிவாள் எடுப்பதில்லை என்று செங்கொடிச் சங்கத்தார் நின்றார்கள். அவர்களுக்காகப் பேச, நடவு நடும் அம்சம் வந்திருந்தாள்.

"நெல்லு உதுருதுங்கய்யா. எங்களுக்கும் பார்க்கப் பொறுக்கல. அரைப்படி கூட்டுங்க, இன்னிக்கே எறங்குறோம்."

"நான் கூட்டுனா மத்த மிராசுங்க என்னைச் சும்மா விடுவாங்களா?" என்றான் அக்னஸின் கணவன் பெரியநாயகசாமி. "வெளியூர் ஆளு வருது. நீங்க கொடியப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க."

அம்சம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் உள்ளே வந்ததும் அக்னஸால் அடக்க முடியவில்லை.

"என்னங்க, மீதியே வரலைங்க!"

"வயல்லயே ஒண்ணும் மீதியாவாது போலருக்கு. நீ வேற." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

மூன்றாவது இதுதானா என்று, தான் படித்த கல்லூரிக்கு எழுதிக் கேட்குமுன் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று முதலிலிருந்து வந்தாள். எழுநூற்றுப் பதின்மூன்றில் விரல் நின்றது. இருபத்துமூன்றை முப்பத்தொன்றால் பெருக்கினால் அதுதானே? அது பகா எண்ணே இல்லை. ஐப்பசி மழைநாளில் அதைப் பகா எண்ணென்று சேர்த்திருக்கிறாள். அன்று முதல் எழுதிய ஒவ்வொரு தொகையும் தப்பு, ஒவ்வொரு மீதியும் தப்பு. அதைக் கழித்துவிட்டு ஆயிரத்து அறுபத்துமூன்றால் வகுத்தாள். மீதி முந்நூற்றைம்பது. பல்லைக் கடித்தாள். கண்ணீர் அப்படியும் வந்தது.

திரும்பி வந்த பெரியநாயகசாமி பார்த்துவிட்டான்.

"நெல்லுக்கா அழுவுற?" பல நாளுக்குப் பிறகு அவன் குரல் தணிந்திருந்தது. "போனா போவுது, உடு."

அந்த ஆறுதல் தனக்கானதில்லை என்பதே அவளுக்கு எரிச்சலை மூட்டியது.

"போனா போவுதுன்னா, அந்த அரைப்படியக் குடுத்தா என்னங்க?"

அவன் முகம் இறுகியது. "எங்கிட்டயே கணக்குப் பேசுறியா?"

அதற்குள் வாய்க்கால் கரையில் லாரி உறுமியது. இருவரும் வாசலுக்கு வந்தார்கள். அதில் வெளியூர்ப் பெண்கள் அரிவாளைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்து நின்றார். பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. எதிர்க்கரையில் அம்சமும் ஆட்களும் கைகட்டிப் பார்த்தபடி நின்றார்கள். டிரைவர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்றது. சாய்ந்து கிடந்த கதிர்மேல் சேறு வாரி அடித்தது.