உறை பிரிக்கப்படாத பை

மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியல் முதலே வானம் மூட்டமாக இருந்தது. மழை பெய்யவுமில்லை, வெயில் எட்டிப் பார்க்கவுமில்லை.

மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் அறையில் அவள் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வந்தாள். அன்று மூன்றாம் மாடியில், அறுவை மேசைமீது கிடந்தவர் அவளுடைய கணவர். அவரது இடது சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பியில் புற்றுக்கட்டி வளர்ந்திருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், நான்கு துளைகள் இட்டு அதனை அகற்றுவதாக ஏற்பாடு.

"முதல்ல கேமராவ விட்டுப் பாப்போம்மா. பரவாம இருந்தா எடுத்துடலாம், மூணு மணி நேரம் ஆகும். பரவியிருந்தா தொடமாட்டோம்," என்று மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார்.

அறுவை அரங்கின் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அஞ்சியே அவள் வேலைக்கு வந்திருந்தாள். ஒன்பதரைக்கு அறுவை தொடங்கியது.

"எத்தன தடவடி கடிகாரத்தப் பாப்ப?" என்றாள் உடன் பணிபுரியும் தோழி. "உன் தொணதொணப்பு இல்லாம மூணு மணி நேரம் தூக்கம். அண்ணனுக்கு இதவிட என்ன வேணும்?"

"போடி!" என்ற அவள், தன்னை மீறிச் சிரித்தும்விட்டாள்.

அப்போது கருவிகள் வரும் லிஃப்டின் மணி ஒலித்தது. வந்த தட்டின் அட்டையில் கணவரின் பெயர் இருந்தது.

கேமராக் குழாயில் மட்டும் ஈரம். கத்தரியில் துளி இரத்தமும் இல்லை. இரத்தக் குழாய்களை அடைக்கும் கிளிப்புகள் உறைக்குள்ளேயே உறங்கின. அறுத்த சுரப்பியைப் போட்டு வெளியே எடுக்கும் பையோ, முந்தின நாள் அவளே ஒட்டிய முத்திரை கலையாமல் அப்படியே கிடந்தது.

"வேற தட்டா இருக்கும்டி," என்றாள் தோழி. அவள் குரலில் கேலி இல்லை.

அலைபேசி ஒலித்தது. கொழுந்தன்.

"அண்ணி! முடிஞ்சிருச்சாம்! மூணு மணி நேரம்னு பயமுறுத்தினாங்க, அர மணி நேரத்துல தூக்கி எறிஞ்சுட்டாங்க போல! கைகாரரு நம்ம டாக்டரு. அம்மா அழுதுகிட்டே சிரிக்கிறாங்க. சீக்கிரம் மேல வாங்க!"

"வரேன்," என்றாள். மருத்துவர் கதவைத் திறக்கும்வரை அவர்கள் மகிழ்ந்திருக்கட்டும். அதுவரை, வரப்போகும் இந்தச் சாவு அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கட்டும்.

தட்டு திரும்பிய நேரத்தைக் குறிக்காமல் அறையைவிட்டு நீங்கக்கூடாது என்பது விதி. பதிவேட்டைத் திறந்து, எழுத்துப் பிசகாமல் எழுதினாள்: காலை பத்து மணி ஏழு நிமிடம்.