ஓரகத்தியின் தோள்வலி

என் ஓரகத்திக்குத் தோள் தசைநார் கிழிந்தபோது நான் பட்ட பொறாமையை வாய் திறந்து யாரிடம் சொல்வது? அலமாரி உச்சியிலிருந்த மெத்தையை ஒற்றைக் கையால் இழுத்தாள், போயிற்று. சரியாக மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை வீட்டு வேலை முழுக்க என் தலையில்.

வேலைக்காக எனக்கு வயிறு எரியவில்லை. கொழுந்தன் அவளுக்குத் தலை வாரிவிடுகிறான். வகிடு கோணல்தான், ஆனாலும் வாரிவிடுகிறான். காலையில் அவள் முழங்கையைத் தாங்கி, மணிக்கட்டைப் பிடித்து, கையை மெல்ல மேலே கொண்டுபோகிறான். மூட்டு இறுகிவிடாமல் இருக்க அப்படிச் செய்ய வேண்டுமாம். அவளாகத் தூக்கினால் தோள் உயரம்கூட வராத கை, அவன் தூக்கினால் காதுவரை போகிறது. மகாராணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"உங்க தம்பி எப்படிப் பாத்துக்கிறார் பாத்தீங்களா?" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"அவனுக்கு வேற வேல இல்ல." தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

மறுநாளே எனக்கும் தோள் வலித்தது.

நடிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. சீப்பைக் கீழே போட்டேன். 'வலிக்கிற' தோள் பக்கமாக ஒருக்களித்துப் படுத்து முனகினேன். "என் வேலையையும் சேத்துப் பாத்துதான் உங்களுக்கும் வந்துருச்சுக்கா" என்று ஓரகத்தி அழுதாள். அந்தக் கண்ணையும் கொழுந்தன்தான் துடைத்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாக என் வீட்டுக்காரர் என்னை பிசியோதெரபி அம்மாவிடம் அழைத்துப்போனார். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, "நீங்களா தூக்குங்க" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் தூக்கி, முகத்தைச் சுளித்து, விட்டுவிட்டேன். ஓரகத்தியைப் பார்த்துப் பார்த்துப் படித்த பாடம்.

"சரி. சார், நீங்க வந்து முழங்கையைத் தாங்கிப் புடிங்க. வீட்ல நீங்கதான செய்யணும்? மெதுவா மேல கொண்டுபோங்க. நீங்க எதுவும் செய்யாதீங்கம்மா. கையோட மொத்தக் கனத்தையும் அவர்கிட்ட விட்டுடுங்க."

அவர் பிடித்தார். உள்ளங்கை சூடாக இருந்தது. எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் என்னால் விட முடியவில்லை. டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவரத் தெரியாத மனிதரை நம்பி எதை விடுவது? என் கை அவரை முந்திக்கொண்டு தானே மேலே போயிற்று.

"அட, கனமே இல்லையே!" அவருக்கு ஒரே பெருமை. "இதுக்கா என் தம்பி அவ்வளவு அலட்டிக்கிறான்?"

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க தூக்கல சார். அவங்கதான் தூக்குறாங்க. நீங்க சும்மா கைய வச்சிருக்கீங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். என் கை மேலேயே நின்றது.