சீரான வேகத்தில் நடப்பதாகக் கொள்க

அலுவலகத்தில் அவர்களைக் கேள்வி, விடை என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் பயிற்சிப் புத்தகம் போடும் பதிப்பகம் அது. அவன் கணக்குகளை எழுதுவான். அவள் அவற்றைப் போட்டுப் பார்த்துக் கடைசிப் பக்கங்களுக்கு விடை எழுதுவாள். கீழே அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கினால் மாடியில் இருவருடைய டீயிலும் வட்ட வட்டமாக அலை எழும்.

எல்லாம் ஒரு கல்லில் ஆரம்பித்தது. இருபத்தோரு மீட்டர் உயர மாடியிலிருந்து நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் ஒரு கல் நேர் மேலே எறியப்படுகிறது, ஐந்து நொடி கழித்து அது எங்கே இருக்கும் என்று அவன் கேட்டிருந்தான். அவள் போட்டுப் பார்த்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'தரைக்கு நான்கு மீட்டர் கீழே. அங்கே கிணறு இருக்கிறதா?' மறுநாள் தாள் திரும்பி வந்தது. 'இருக்கிறது. எட்டிப் பார்க்க வருகிறீர்களா?'

அவள் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், விழுந்துவிட்டாள். ஆறு மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்ற பேச்சுதான் நகராமல் நின்றது.

"எங்க வீடு பாக்கலாம்?" என்று அவன் கேட்பான்.

"உனக்கு எது சரியோ."

"எனக்கென்ன, உனக்கு எது சரியோ."

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் இப்படியே உபசாரம் பண்ணிட்டிருந்தா பேரன் பேத்தியோட தெருவுலதான் நிப்பீங்க. முதல்ல இந்தக் கணக்கை முடிங்க, எறிபொருள் பாடம் ஒரு மாசமா என் மேஜையில தூங்குது."

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அவள் வீடு நீளத் தெருவின் ஒரு முனையில். அவன் வீடு மறுமுனையில். நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இரண்டாயிரத்து நானூறு மீட்டர்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு நீ உன் வீட்லேர்ந்து கிளம்பு, நான் என் வீட்லேர்ந்து கிளம்பறேன். எங்க சந்திக்கிறோமோ, அதுக்குப் பக்கத்துல எந்த வீடு காலியா இருக்கோ அதுதான் நம்ம வீடு. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்த மாதிரி இருக்காது."

"சீரான வேகத்துல நடக்கணும்."

"பின்னே? யாராவது ஓடுவாங்களா?"

சொல்லிவிட்டு இருவரும் அவரவர் டீயைப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே அவள் கணக்குப் போட்டாள். அவள் தோளில் கடைசித் தங்கை சாய்ந்து ஏதோ படத்தின் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான்கு தங்கைகள், செய்தித்தாளை உரக்கப் படிக்கும் அப்பா, அதற்குப் பதில் சொல்லும் அம்மா, அந்தப் பதிலை மறுக்கும் அத்தை. அந்த வீட்டில் அவள் குளியலறையில்கூடத் தனியாக இருந்ததில்லை. வெளியே யாராவது நின்று கதவோடு பேசுவார்கள். உனக்குக் காபி வேண்டுமா என்று அவளைக் கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது தங்கை "வேணும், சர்க்கரை கம்மி" என்பாள். சரியாகத்தான் சொல்வாள். அதுதான் கொடுமை.

அவன் வீட்டில் அவனும் அவன் அப்பாவும் மட்டும்தான். அப்பா பல் டாக்டர். காலமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டிருப்பவர்களிடமே பேசி, பதிலை எதிர்பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டவர். முதல் தடவை அவள் அங்கே போனபோது கூடத்தில் கால்மணி நேரம் யாரும் பேசவில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தனை சுகம். அந்த முனையில் ஒரு வீடு கிடைத்தால் போதும். ஆனால் இதை எப்படிச் சொல்வது? 'என் வீட்டார் பக்கத்தில் வேண்டாம்' என்று எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்?

சொல்ல வேண்டியதில்லை. அவன் நொடிக்கு ஒன்றே கால் மீட்டர் நடப்பான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் போனால் சந்திக்கும் இடம் அவன் வீட்டிலிருந்து வெறும் அறுநூறு மீட்டர். நழுவுகிற செருப்பை ஒதுக்கிவிட்டு, மூன்றாவது தங்கையின் விளையாட்டு ஷூவை எடுத்துக் கட்டிலடியில் ஒளித்துவைத்தாள்.

ஞாயிறு காலை அவள் கிளம்பியபோது, "எங்கக்கா?" என்றாள் ஒருத்தி. "நடக்க" என்றாள். முதல் மின்கம்பம்வரை பொய் சொல்லாமல் நடந்தாள். பிறகு ஓடினாள்.

ஓடி எத்தனை வருஷம் ஆகிவிட்டது! பால் வண்டியைத் தாண்டினாள். பாதி திறந்த முடிதிருத்தகத்தின் கண்ணாடியில் யாரோ ஒரு பைத்தியக்காரி பறந்துபோனாள், அது அவள்தான். ஒரு நாய் எந்தக் காரணமுமில்லாமல் கூடவே ஓடிவந்தது. மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டி மோதின.

பின்னால், மாடியிலிருந்து பார்த்த மூன்றாவது தங்கை வீடே அதிரக் கத்தினாள். "அம்மா! அக்கா ஓடிப்போறா!"

"யாரோடடி?"

"யாரும் இல்ல, தனியா! என் ஷூவைப் போட்டுக்கிட்டு!"

"கல்யாணம் நிச்சயமானவ எதுக்குடி ஓடணும்? போங்க, புடிங்க!"

இது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. எதிரே தெருவின் தொலைவில் ஒரு புள்ளி தெரிந்தது. அவள் கணக்குப்படி அது ஆற அமர வளரவேண்டிய புள்ளி. ஆனால் கிடுகிடுவென்று வளர்ந்தது. கைகால் முளைத்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடிவந்தது. பாவம், பஸ்ஸை விட்டவர்போல என்று நினைத்தாள். அப்புறம்தான் சட்டைப் பையில் மைக்கறை தெரிந்தது.

அவனும் அவளைக் கண்டுகொண்டான். இருவராலும் நிற்க முடியவில்லை. ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று வருஷாவருஷம் அச்சடித்தவர்கள். ஒருவரை ஒருவர் தாண்டி நாலைந்து மீட்டர் போய்த்தான் நின்று திரும்பினார்கள். நாய் மட்டும் நேராகப் போனது.

"நீ... ஏன்... ஓடினே?" என்றாள்.

அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "முதல்ல... நீ சொல்லு."

"மாட்டேன். விடை எப்பவும் கடைசிப் பக்கம்தான்."

"சரி. உங்க வீட்டுப் பக்கம் வரணும்னு."

"எங்க வீட்டுப் பக்கமா? அங்க என்ன இருக்கு?"

"சத்தம்" என்றான், ஏதோ மிட்டாயின் பெயரைச் சொல்வதுபோல. "எங்க வீட்ல சாயங்காலம் உப்பு எங்கேன்னு கேட்டா காலையில பதில் வரும். உங்க வீட்ல நான் கேக்கறதுக்கு முன்னாடியே நாலு பேரு உப்போட நிக்கிறாங்க. நீ? எங்க அப்பாவைப் பாத்துக்கணும்னா ஓடி வந்தே?"

"இல்ல. உங்க அப்பா பேசமாட்டாரேன்னு ஓடி வந்தேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். எதிரே வருபவர் சீரான வேகத்தில் நடப்பதாகக் கொள்க என்று இருவருமே முதல் வரி எழுதியிருந்தார்கள். ஆயிரம் கணக்குப் போட்டவர்களால்தான் இப்படித் தப்புப் போட முடியும். நடைபாதையில் அப்படியே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

"இது எந்த இடம்?" என்றான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

மெத்தைக் கடை. வாசலில் பெரிய துணி விரித்துப் பஞ்சை மலைபோலக் குவித்திருந்தார்கள். மேலே தார்ப்பாய்ப் பந்தல். மாடியில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகை, பக்கத்திலேயே ஜன்னலில் முழங்கையை ஊன்றி ஒரு அம்மா.

"சிரிச்சு முடிச்சாச்சா? வீடு பாக்க வந்தவங்களா, இல்ல சும்மா ஓடறவங்களா?"

"ரெண்டும்தாங்க" என்றான்.

"எனக்கு முட்டி வலி, இறங்கமாட்டேன். சாவியைப் போடறேன், பிடிச்சுக்கோங்க."

இருவர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. இது அவர்களுடைய பாடம்.

"ஜன்னல் அஞ்சு மீட்டர்!"

"அப்போ ஒரு செகண்ட்!"

"எவ்வளவு வேகமா எறிவீங்கம்மா? மூணா, நாலா?"

"அட, பிடிக்கிறீங்களா, பரீட்சை வைக்கிறீங்களா?" அந்த அம்மா எறிந்தேவிட்டாள்.

அவன் மூன்று மீட்டரில் கை நீட்டி நின்றான். அவள் நான்கில் நின்றாள். சாவி அழகாக வளைந்து வந்து, இருவரும் கணக்கில் சேர்க்காத தார்ப்பாயில் பட்டு, எம்பி, பஞ்சுமலைக்குள் சத்தமே இல்லாமல் மறைந்தது.

"ஐயையோ, அது தரம் பிரிச்ச பஞ்சு!" என்று மெத்தைக்காரர் உள்ளிருந்து ஓடிவருவதற்குள் இருவரும் தோள்வரை உள்ளே இருந்தார்கள்.

சரியாக அப்போதுதான் தங்கைகள் வந்துசேர்ந்தார்கள். பின்னால் புறப்பட்டாலும் ஒருத்திக்கொருத்தி போட்டியில் நல்ல முடுக்கம்.

"அக்கா, என்ன தேடறே?"

"சாவி" என்றான் அவன்.

"எந்த வீட்டுச் சாவி? எத்தனை ரூம்? மாமா, உங்க மூக்குல பஞ்சு!"

நால்வரும் கேட்டுக்கொண்டே குதித்தார்கள். மெத்தைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாவும் அத்தையும் மூச்சிரைக்க வந்து, அவரைத் திட்டத் தொடங்கினார்கள், எதற்கென்று தெரியாமலே. அவன் நடுவில் பஞ்சு ஒட்டி நரைத்த தலையும் நரைத்த மீசையுமாக எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பதில் சொன்னான். இவ்வளவு சந்தோஷமாக அவனை அவள் பார்த்ததில்லை.

சாவி அவள் விரலில்தான் தட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லாமல் மாடிப்படி ஏறினாள்.

முன்னறையில் தெருவின் கூச்சல் அவ்வளவும் கேட்டது. அதைத் தாண்டிப் பின்னால் ஒரு சின்ன அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கீழே கடையின் கிடங்கு, கூரைவரை பஞ்சுப் பொதி. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெறும் சுவர். ஒரு சத்தமும் இல்லை. தன் மூச்சு இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கதவை மெல்லத் தட்டினான்.

"விடை? எப்படி இருக்கு? எடுத்துக்கலாமா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அவளுக்காக வேறு யாரும் சொல்லவும் இல்லை. மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் ஏறாமலும் இறங்காமலும் நிற்குமே, அப்படி அந்தக் கேள்வி அறைக்குள் நின்றது. அது நிற்கிற வரைக்கும் நிற்கட்டும் என்று அவள் விட்டுவைத்தாள்.

"எடுத்துக்கலாம்" என்றாள் பிறகு.

அவன் தடதடவென்று முன்னறை ஜன்னலுக்கு ஓடுவது கேட்டது. "எடுத்துக்கிட்டோம்!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினான். கீழேயிருந்து நான்கு பேர் நான்கு கேள்வி கேட்டார்கள்.

"விடை, கூப்பிடறாங்க, வா!"

"நீ பேசிட்டிரு" என்று சொல்லிவிட்டு, அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஷூவின் முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள்.