விட்டுப் பாடிய சொல்

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷம். எடப்பாடிக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டில், நாலு வயதாகியும் பேசாத குஞ்சம்மாளுக்குப் பேச்சு வரச் சூடு போட ஆள் வந்தாயிற்று. பச்சமுத்து என்று பெயர். மஞ்சள் கொம்பைக் கனலில் காட்டிப் பிள்ளையின் பிடரியில் வைப்பான். பிள்ளை அலறும். அந்த அலறலையே பேச்சு என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விடுவான்.

தாய் மாரக்காள் ஊமையைப் பெற்றவள் என்ற ஏச்சைப் பொறுத்துக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் பிள்ளையின் பிடரியில் சூடு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

"ஏனுங்க, இன்னுங் கொஞ்ச நாள் பொறுங்க. ராயி திரிக்கையில எம் பாட்டுக்குப் பதில் சொல்லுதுங்க."

"உங் காதுக்கு மட்டுந்தான் கேக்குது," என்றான் அவள் புருஷன் காளியண்ணன். மகளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தான். அவனும் கல்நெஞ்சன் இல்லை. கனலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் சொன்னது பொய்யில்லை. திரிகையில் ராகி திரிக்கும்போது பாட்டின் ஒவ்வோர் அடியிலும் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பாடுவாள். விட்ட இடத்தில் கல் மட்டும் ஓடும். பல மாதம் அப்படி ஓடிய பிறகு ஒருநாள் அந்த இடத்தில் 'மாடு' என்று வந்தது. பிறகு 'கெணறு', 'காக்கா'. கல் நின்றால் பிள்ளையின் வாயும் நின்றுவிடும். வீட்டில் ஆள் இருக்கும்போது மருமகள் பாடினால் அடக்கமில்லை என்பார்களே, அதற்குப் பயந்து யாரும் இல்லாதபோதே பாடினாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த மடத்தனம். சாட்சிக்கு ஒரு கோழிகூட இல்லை.

கொம்பின் நுனி சிவந்தது. பச்சமுத்து இன்னும் ஊதினான்.

மாரக்காள் விறுவிறுவென்று போய்த் திரிகையின் முன் உட்கார்ந்தாள். ராகி தீர்ந்திருந்தது. வெறுங்கல்லைச் சுற்றினால் அந்த வீட்டில் தானியம் தங்காது என்பார்கள். அவள் சுற்றினாள்.

"வெறுங்கல்லச் சுத்தாத புள்ள. ஊடு வெளங்காது," என்று காளியண்ணன் பல்லைக் கடித்தான்.

அவள் காதில் வாங்கவில்லை.

"கட்டுத்தரையில நிக்கிறது…"

கல் கரகரவென்று ஓடியது. குழந்தை கனலையே பார்த்தது.

"கெட்டியாப் புடிச்சுக்கங்க," என்று பச்சமுத்து கொம்போடு எழுந்தான்.

மாரக்காள் கல்லை நிறுத்தவில்லை. அதே அடியை மறுபடி எடுத்தாள்.

"கட்டுத்தரையில நிக்கிறது…"

"மாடு."

சன்னமாகத்தான் வந்தது. மூன்று பேருக்கும் கேட்டது.

"இது கிளிப்புள்ள பேச்சுங்க. சொல்லிக் குடுத்ததச் சொல்லுது," என்றான் பச்சமுத்து, கொம்பைக் கீழே வைக்காமல்.

காளியண்ணன் மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். பாடியே அறியாத மனுஷன், காளை மிரளும் குரலில் சொந்தமாக ஓர் அடி கட்டினான்.

"உன்னத் தூக்கி வளத்தது…"

விட்டுவிட்டுக் காத்திருந்தான். அப்பன் என்று வரும் என்ற ஆசை அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

குஞ்சம்மாள் திரிகைப் பக்கம் திரும்பினாள். "அம்மா," என்றாள்.

கல் நின்றது. அந்தச் சொல்லை மாரக்காள் எந்தப் பாட்டிலும் வைத்ததேயில்லை.

காளியண்ணனின் பிடி தளர்ந்தது. "அந்த நெருப்ப அணைச்சுப்போடுங்க," என்றான்.