பக்க எண் இல்லாத அட்டை

நூறு வயது ஆகாத வேத உரையைப் போதகர் தொடமாட்டார். இப்போது வருகிற விளக்க நூல்களெல்லாம் வெந்நீரில் சர்க்கரை போட்டுக் குடிப்பது மாதிரி என்பார். கைப்பேசியைப் பார்த்துப் பிரசங்கம் பண்ணுகிற இளம் போதகர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" என்று கேட்டுவிட்டுத் தன் அலமாரியைப் பார்ப்பார். அதில் தோல் அட்டை போட்ட பதினோரு தொகுதிகள். முதல் தொகுதியின் முகப்பில் உரையாசிரியரின் படம், நெஞ்சுவரைக்கும் தாடி. வீட்டில் அவருக்குத் தாடிக்காரர் என்றே பெயர். போதகருக்குச் சபையார் வைத்த பெயர் அடிக்குறிப்பு ஐயா. அது அவர் காதுக்கும் வந்திருந்தது. உள்ளூரப் பெருமைதான்.

சட்டி அவருடையது, சரி. அகப்பை பிடித்தது அவர் மனைவி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் தொகுதிகளை இறக்கிப் படித்து, ஞாயிறு பிரசங்கத்துக்காகச் சின்ன அட்டைகளில் எழுதிக் கொடுப்பவள் அவள்தான். தாடிக்காரரின் சொந்த வார்த்தைகள் சிவப்பு மையில், சுருக்கம் நீல மையில், வலது மூலையில் தொகுதியும் பக்கமும். சிவப்பில் இருப்பதை அவர் உரையாசிரியரின் பெயரைச் சொல்லி மேடையில் அப்படியே வாசிப்பார். ஒரு வரியைக்கூடச் சொந்தச் சரக்கென்று விற்கமாட்டார், அதில் மனிதர் ஒழுங்கு. ஆனால் ஒரு அட்டையையாவது புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாரா என்றால், அதுவும் கிடையாது.

அவளுக்கும் தாடிக்காரரைப் பிடிக்கும், வேறு காரணத்துக்காக. ஏழாம் தொகுதியின் முன்னுரையில், இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்துப் புதைக்க நேர்ந்ததால் அச்சு வேலை தாமதமாயிற்று, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு மனிதர் அதட்டுவதைக் குறைத்துக்கொண்டார். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதினார். வருஷக்கணக்கில் படித்தும் அவளுக்கு அது உறைக்கவில்லை. தன் வீட்டில் ஒன்று போன பிறகுதான் உறைத்தது.

ஒன்பது வயது மகள். மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் போதகர் வெளியூர்க் கூட்டத்தில் விசுவாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்க ஆராதனையை யாரிடமும் கொடுக்காமல் தானே நடத்தினார். நாற்பது நிமிஷம், ஏழு மேற்கோள், எல்லாம் பழைய அட்டைகளிலிருந்து எடுத்தவை. கண் கலங்கவில்லை என்று சபையே மெச்சியது. அன்றிலிருந்து இரண்டு வருஷமாக மகளின் பெயர் அவர் வாயில் வரவில்லை. அவளாகப் பேச்செடுத்தாலும், "கர்த்தர் சித்தம்" என்று சொல்லிவிட்டு ஒரு புத்தகத்தைத் திறந்துகொள்வார். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஓடிப்போய் ஆறுதல் சொல்கிற மனிதருக்குப் பெற்றவளிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அவள் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

அந்த வாரப் பகுதி, வேதாகமத்தில் வரும் சூனேம் ஊர்க்காரியான சூனேமியாளின் கதை. மடியில் பிள்ளை செத்துப்போகிறது. அதைத் தீர்க்கதரிசியின் கட்டிலில் கிடத்திவிட்டு, அவரைத் தேடிக் கழுதையேறிப் போகிறாள். எதிரே வந்த அவருடைய வேலைக்காரன் பிள்ளை சுகமா என்று விசாரிக்க, சுகம் என்கிறாள். இதற்குத் தாடிக்காரர் எழுதியது நாலே வரி: இவளுடைய விசுவாசத்தைத் தாய்மார் யாவரும் பின்பற்றக்கடவர்கள். மூன்றாம் தொகுதி. தன் பிள்ளைகளைப் பறிகொடுப்பதற்கு முன்னால் எழுதியது. படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னால் கேட்காதவர், பழைய உரை என்றால் கேட்பார் அல்லவா? சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"அவள் சுகம் என்று சொன்னது விசுவாசத்தினால் என்பார்கள். கேட்டவனிடம் சொல்லி ஆகப்போவதில்லை என்று அறிந்தே சொன்னாள் என்பேன் நான். நெற்றியில் இட்ட ஈரத்துணி காயுமுன்னே பிள்ளையின் உடம்பு சில்லிட்டுப்போனதை நானும் தொட்டறிந்தேன். அப்பா வந்தாச்சா என்று அந்தப் பிள்ளை இரண்டு முறை கேட்டது. மூன்றாம் முறை கேட்கவில்லை. சூனேமியாளின் துக்கம் தீர்க்கதரிசிக்கும் மறைக்கப்பட்டிருந்தது. அங்கே மறைத்தவர் தேவன். நம் வீடுகளில் மறைப்பது யார்?"

மூலையில் பொய்யாக ஒரு பக்க எண் போட அவளுக்கு மனம் வரவில்லை. வெறுமனே விட்டாள். மகள் இரண்டு முறை கேட்டதை அடக்கத்தன்றே அவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். வாசிக்கும்போது தெரியாமலா போகும்?

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாசித்தார். மூன்றாம் முறை என்ற இடத்தில் குரல் தடுமாறியது. நிறுத்தினார். கோயிலில் மூக்குறிஞ்சும் சத்தம்.

"பாத்தீங்களா?" என்றார் போதகர், அட்டையை உயர்த்திக் காட்டி. "இதுதான் பழைய உரை! புள்ளையப் பறிகொடுத்த மனுஷன் எழுதினது. இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த ஆழம்?"

ஆராதனை முடிந்ததும் வேதாகமக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தப் பக்கம்னு சொல்லுங்க ஐயா, என் மாணவர்களுக்குக் காட்டணும்." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மத்தியானம் கூப்பிட்டுச் சொல்வதாகப் போதகர் சொன்னார்.

சாப்பிட்டதும் மூன்றாம் தொகுதியை இறக்கினார். பிறகு நாலாவது. பிறகு கடைசித் தொகுதியின் பொருளடைவு.

"ஏம்மா, இது எங்க இருக்கு?"

"அதுல இல்லங்க."

"பின்ன?"

"நம்ம வீட்டுல நடந்தது. அந்தத் துணி நம்ம வீட்டுத் துணி. அப்பா வந்தாச்சான்னு கேட்டது உங்க மக."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அட்டையை மறுபடி படித்தார். உதடு மட்டும் அசைந்தது. இப்போது சொல்வார் என்று அவள் நம்பினாள். இரண்டு வருஷத்தில் அப்படி முழுசாக நம்பியது அந்த ஒரு நிமிஷம்தான்.

"அப்ப, இது அவர் எழுதலையா?"

"இல்ல."

"செத்துப்போன மனுஷன் பேர்ல எழுதி, என்னை மேடையில பொய் சொல்ல வச்சுட்டியே! இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தப்பு மேற்கோள் உண்டா? அந்த ஆசிரியருக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மேற்கோள் பொய்தான். ஆனாலும் அவள் விடவில்லை. "எனக்கு என்ன பதில் சொல்வீங்க?" என்றாள்.

அதற்குள் கைப்பேசி அடித்தது, அந்த ஆசிரியர்தான். அவர் எடுத்தார்.

"தோத்திரம் ஐயா. அது ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு. அச்சுல வந்த உரை இல்ல, புத்தகத்துக்குள்ள இருந்த கையெழுத்துக் குறிப்பு. பேரை நான் மாத்திச் சொல்லிட்டேன், அடுத்த வாரம் சபையிலயே திருத்திடறேன்." எதிர்முனையில் ஏதோ கேள்வி. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுதினவங்களா? உயிரோட இல்ல ஐயா. ரொம்ப காலத்துக்கு முந்தி."

பேசி முடித்துவிட்டு, மேஜையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். "அவருக்கு நகல் வேணுமாம். அழகா எழுதிக் குடு. கீழ, எழுதியவர் யார்னு தெரியலன்னு போட்டுடு."

அவள் கை நீட்டவில்லை.

"நீங்களே எழுதுங்க," என்றாள். "உங்களுக்குத்தானே தெரியல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, அவள் அட்டையைப் பார்த்து நகல் எழுத ஆரம்பித்தார்.